நான் ஆற்றில் எறிந்த விரால்

"இஞ்சரப்பா, உதென்ன பாம்பே?"

ஆற்றங்கரையில் அத்தனை பெண்களுக்கு நடுவே நின்று நான் கேட்ட கேள்வி அது. என் மனுசன் மரியதாஸ், நனைந்த சாரத்தை முன்னால் சுருட்டிப் பிடித்தபடி ஆண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து வந்திருந்தார். சுருட்டுக்குள் ஏதோ துடித்தது. மெல்ல விரித்துக் காட்டினார். முழங்கை நீளத்தில் ஒரு மீன். கறுத்த தோல், பாம்பின் தலை, உடம்பெல்லாம் வழுவழுவென்று சளி.

"விராலாம். பக்கத்தில நிண்ட ஆக்கள் சொன்னவை. பிள்ளைக்குக் காய்ச்சிக் குடு" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பு.

பிள்ளை என்றது எங்கள் மகள் ஜெசிந்தாவை. அவள் குழந்தை பெற்று அன்று பத்தாம் நாள். பால் ஊறவில்லை. கூடாரத்துக்குள் பேத்தி அழுகிற சத்தம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. எனக்கு அதுதான் பயம். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுச் சமாளிக்கலாம், அழக்கூடச் சீவனில்லாத பிள்ளையை என்ன செய்வது?

அந்தப் பயத்தோடு இருக்கிற மனுசி மீனைக் கண்டதும் கும்பிட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"உந்தச் சேத்து மீனைத் தாய் திண்டால் பிள்ளைக்கு மேலெல்லாம் கிரந்தி வரும்! உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தி, மீனைப் பிடுங்கி ஆற்றுக்குள் எறிந்தேன்.

கலங்கல் தண்ணீரில் ஒரு சுழி தெரிந்தது, அவ்வளவுதான். மரியதாஸ் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். என் பக்கத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த சரசக்கா, கையில் சவுக்காரக் கட்டியோடு வாய் பிளந்து நின்றார். அவர் ஏன் பேசவில்லை என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

தெருவுக்குப் பெயரில்லாத நகரம்

அது செட்டிகுளம் பக்கத்து முகாம். சண்டை முடிந்த வருசம். அருவியாற்றங்கரைக் காட்டை வெட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கூடாரம் போட்டிருந்தார்கள். எங்கள் முல்லைத்தீவுக் கரைச் சனம், கிளிநொச்சிச் சனம், விசுவமட்டுச் சனம் என்று வன்னி முழுக்க அங்கேதான் கிடந்தது. அப்படியொரு பெரிய நகரத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வவுனியா டவுன் அதற்குள் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அந்த நகரத்தில் ஒரு தெருவுக்கும் பெயர் கிடையாது, ஒரு வீட்டுக்கும் கதவு கிடையாது.

போன கிழமை முகாமின் தண்ணீர் வரிசையைப் பற்றி இதே பக்கத்தில் நான் எழுதியதை வாசித்துவிட்டு, கனடாவில் இருக்கிற என் தம்பி தொலைபேசியில் சண்டைக்கு வந்தான்.

"அக்கா, உதுகளை ஏன் இப்ப கிளறுறாய்? தெளிஞ்ச தண்ணியைத் திரும்பக் கலக்காதை."

"நீ அங்கயிருந்து தெளிவாய்ப் பார் தம்பி. நான் அந்தத் தண்ணிக்குள்ள நிண்டவள்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். இதை வாசித்தால் இன்னொரு தரம் எடுப்பான், எடுக்கட்டும்.

எங்கள் கூடாரத்தில் நான்கு பேர். நான், மரியதாஸ், ஜெசிந்தா, பெயர் வைக்காத பேத்தி. மருமகன் காலில் காயத்தோடு வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கூடாரம் சரசக்காவுடையது. விசுவமடுவில் வயலும் தோட்டமுமாக இருந்த மனுசி. என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தறப்பாள் மறைப்புதான். அவர் இருமினால் நான் புரண்டு படுப்பேன்.

கலக்குத் தண்ணி

கடல்காரருக்குத் தண்ணீரின் நிறம்தான் பஞ்சாங்கம். நீலித்துக் கிடந்தால் ஒரு கதை, கறுத்துக் கிடந்தால் இன்னொரு கதை. மாரியில் ஆற்று வெள்ளம் கடலோரக் களப்புக்குள் இறங்கித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால் எங்கள் கரையில் கொண்டாட்டம். அதைக் கலக்குத் தண்ணி என்போம். கலக்கு வந்தால் இறால் வரும்.

முகாமுக்கு வந்த முதல் நாளே மரியதாஸ் அருவியாற்றைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "கலக்கு இறங்கியிருக்குது. மேல எங்கயோ நல்ல மழை போல. இறால் வரும் பார்."

வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம் அது. மேகம் என்ற பெயருக்கு ஒரு பஞ்சுத்துண்டு வானத்தில் கிடையாது. நானாவது யோசித்தேனா? இல்லை. முப்பது வருசம் கடல்காரனோடு குடும்பம் நடத்தியவளுக்கு, கலங்கின தண்ணீர் என்றால் மழைதான். மகளுக்குப் பால் ஊறவில்லை என்றதும் மரியதாஸ், நுளம்பு கடிக்காமல் கட்டிப் படுக்க எங்களுக்குக் கொடுத்த வலையில் பாதியை வெட்டி, இரண்டு தடியில் கட்டி, மருதமர வேருக்குள் மறைவாகப் பாய்ச்சி வைத்தார். நாள்தோறும் குளிக்கிற நேரம் போய்ப் பார்ப்பார். ஒரு இறால் மீசைகூட வரவில்லை. கடைசியில் அந்த வலைக்குள் வழிதவறி வந்ததுதான் நான் எறிந்த விரால்.

ஆறு ஏன் கலங்கியது என்பதை நான் ஒரு விடியற்காலையில்தான் கண்டேன். குளிக்கிற நேரத்துக்கு முன்னமே பேத்தியின் துணி அலச இறங்கியிருந்தேன். கரையில் ஒருவரும் இல்லை. மாதாவே! அது வேறு ஆறு. அடியில் மணல் தெரிந்தது. மணலில் நத்தை ஊர்ந்த கோடு தெரிந்தது. முழங்காலளவு தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு சனம் இறங்கத் தொடங்கியது. பத்துப் பேர், நூறு பேர், கணக்கில்லாத சனம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே மணல் மறைந்து, கரைக் களி கரைந்து, சவுக்கார நுரை மிதந்து, பழைய கலங்கல் வந்துவிட்டது.

மழையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. நாங்கள்தான் அந்தக் கலங்கல். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. மனுசனிடம் சொல்லலாமென்றால் அவர் அப்போது என்னோடு கதைப்பதில்லை. விரால் எறிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

மீனில் சாதி

ஏன் எறிந்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் கரையில் குளத்து மீன் தின்பவர்களை நாங்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்போம். சேற்று நாற்றம் என்போம். சமாதான காலத்தில் பாதை திறந்ததும், வயல்பக்கத்துச் சனம் பஸ் பிடித்து எங்கள் கடற்கரைக்கு வரும். பெண்கள் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் காலை வைத்துக் கூச்சல் போடுவார்கள். நான் கருவாட்டுப் பரணடியில் நின்று சிரிப்பேன். "பாவங்கள், விராலும் யப்பானும் திண்டு வளந்த சனம்" என்பேன். யப்பான் என்றால் குளத்துத் திலாப்பியா.

அந்த வருசங்களில் எங்களிடம் மீன் எடுக்க ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். முல்லைத்தீவில் பிறந்தவர், பத்துப் பன்னிரண்டு வருசம் புத்தளத்தில் அகதியாகக் கிடந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே குளத்து மீன் தின்றதை ஒருநாள் அவர் சொல்ல, நான் மூக்கைச் சுளித்தேன்.

"அகதியாப் போன பிறகு மீனில சாதி பாக்கேலாது தங்கச்சி" என்றார் நானா.

அவர் போனதும் அதையும் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

முகாமிலும் என் வாய் அடங்கவில்லை. ஒருநாள் சரசக்கா விசுவமடுவில் வாய்க்கால் வற்றும்போது சீலை பிடித்து மீன் அள்ளுகிற கதையை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இடையில் விழுந்து, "அய்யோ அக்கா, சும்மா தந்தாலும் எங்கட பூனை உந்தச் சேத்து மீனை மோந்து பாக்காது" என்றேன். அவர் கதையை நிறுத்திவிட்டார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் பூனை அப்போது உயிரோடு இருந்ததோ என்னவோ, அதன் பெருமையை நான் விடவில்லை.

அந்த ஆற்றில் என்ன இருக்கும்?

ஆற்றில் முதலை இருக்கிறது என்று ஒரு கதை கூடாரம் கூடாரமாகப் போனது. "இருந்தால் அதுவும் வரிசையில நிண்டு களைச்சு ஓடியிருக்கும்" என்று ஒரு கிழவர் சொல்ல, குளித்துக்கொண்டிருந்த அவ்வளவு பேரும் சிரித்தார்கள். முதலையை நான் காணவில்லை. மருதமர வேருக்குள் ஆமை கண்டேன். மீன்கொத்தி ஒன்று எங்கள் கூச்சலுக்குப் பயப்படாமல் கிளையில் இருக்கும். காலில் ஏதோ வழுக்கிப் போகும், என்னவென்று தெரியாது. அந்தக் கலங்கலுக்குள் எத்தனையோ சீவன்கள் எங்களைச் சகித்துக்கொண்டு இருந்தன.

ஆனால் என் கண் பேத்தியின் வயிற்றில்தான் இருந்தது. கிளினிக்கில் தந்த பால்மாவைக் குடித்தவுடன் பிள்ளை கக்கியது. மருத்துவிச்சி மிஸ் நல்ல பிள்ளை, ஒளிக்காமல் சொன்னார்: "மாவை மட்டும் நம்பியிராதேங்கோ அம்மா. தாய் வடிவாச் சாப்பிட வேணும், பிள்ளையை உறிஞ்ச விடவேணும். அப்பதான் பால் ஊறும். மகள் சாப்பிடுறாவே?"

எங்கே சாப்பிட்டாள்? பருப்பும் சோறும், சோறும் பருப்பும். தட்டைக் கண்டாலே ஜெசிந்தா முகத்தைத் திருப்புவாள். எங்கள் கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்து உதிர்த்து, உள்ளி போட்டு வறை செய்து கொடுப்போம். மூன்றாம் நாள் மார்பு கனத்துவிடும். கடலில்லாத இடத்தில் பால்சுறாவுக்கு எங்கே போவேன்?

விரால் எறிந்த இரண்டாம் நாள் மத்தியானம், பேத்தி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நான் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டேன். "பால்சுறா ஒண்டு கிடைச்சால் என்ர பிள்ளை பிழைச்சிடுமே, யேசுவே!"

தறப்பாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரசக்காவின் குரல் வந்தது.

"எங்கட பக்கம் பிள்ளை பெத்தவளுக்கு விரால்தான் குடுக்கிறனாங்கள். என்ர மூண்டு பிள்ளையளுக்கும் அம்மா அதுதான் காய்ச்சித் தந்தவா. நீ அண்டைக்கு ஆத்தில எறிஞ்சது மருந்து, பிலோமினா."

நான் தறப்பாளில் முகத்தை ஒட்டினேன்.

"ஏனக்கா அப்பவே சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே? உங்கட பூனையே மோந்து பாக்காத மீனெல்லோ."

பிறகு அவர் குரல் உடைந்தது. "சொல்லியிருக்க வேணும். உன்னில இருந்த கோவத்தில வாயை மூடிட்டன். நானும் ஒரு மனுசியே? குஞ்சுக்கு ஏதும் நடந்தால் எனக்கெல்லோ பாவம்."

எங்களுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. நான் எழும்பிப் போய் அவருடைய வாளியையும் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் ஒரு பழைய நூல்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார்.

"வா, குளிக்கிற நேரம் வந்திட்டுது."

"சனம் குறைஞ்ச நேரமாப் பாத்துப் போவமே அக்கா? அப்ப தண்ணி தெளிவா இருக்கும்."

"விசரி. தெளிஞ்ச தண்ணியில விரால் எங்களை முதல் கண்டிடும். கலங்க வேணும். கலங்கக் கலங்க மூச்செடுக்க மேல வரும்."

நல்லாக் கலக்குங்கோடி!

அந்த ஆற்றில் நாள்தோறும் நடக்கிற சண்டை ஒன்றுதான். "தண்ணியைக் கலக்காதையுங்கோ!" என்று ஒருத்தி கத்துவாள், "உன்ர வீட்டுக் கிணறே?" என்று மற்றவள் திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கு சரசக்கா இடுப்பில் சீலையைச் செருகிக்கொண்டு நடு ஆற்றில் நின்று கூப்பிட்டார்:

"எணே பிள்ளையள்! பிலோமினான்ர மோளுக்குப் பால் ஊறேல்லை. ஒரு விரால் வேணும். எல்லாரும் வரிசையா நிண்டு நல்லாக் கலக்குங்கோடி!"

நான் கூச்சத்தில் தலையைக் குனிந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முதுகு தேய்த்துக்கொண்டிருந்தவள், துணி அடித்துக்கொண்டிருந்தவள், தலைக்குச் சவுக்காரம் போட்டவள் நுரையோடு, எல்லாரும் தோளோடு தோள் நின்று கீழ்ப்பக்கம் மருதவேரை நோக்கிச் சேற்றை மிதித்துக்கொண்டு வந்தார்கள். வேரடியில் சீலையின் நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு நானும் சரசக்காவும் இன்னும் இரண்டு பேரும் குனிந்து நின்றோம்.

முதல் தரம் தூக்கினால் ஒரு பாட்டாச் செருப்பு. இரண்டாம் தரம் ஒரு கெளுத்தி, அது என் விரலில் முள்ளால் குத்திவிட்டுப் பாய்ந்தது. வலியில் கண் கலங்கிவிட்டது. "இன்னொருக்கா!" என்றார் சரசக்கா. பெண்கள் திரும்ப மேலே போய் மிதித்துக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் கூழாகிவிட்டது. என் கால் எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் தரம் சீலை கனத்தது.

"தூக்கு! தூக்கு!"

தூக்கினோம். விரால். போன மீனேதானோ, அதன் கூடப்பிறந்ததோ, கறுப்பாகப் புரண்டது. நான் பாய்ந்து பிடித்தேன். முப்பது வருசம் மீன் அறுத்த கை இது, ஆனால் விராலைப் பிடித்த கை இல்லை. நழுவியது. திரும்பப் பிடித்தேன், திரும்ப நழுவியது. சீலையின் விளிம்புக்கு வந்து வாலை மடக்கிவிட்டது. "ஐயோ, போகுது, போகுது!" என்று நான் அலறினேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து, செவுளடியில் இரண்டு விரலை விட்டு இறுக்கியது. அது மரியதாஸ். கதைக்காவிட்டாலும் மனுசன் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நனைந்த சாரத்தோடு, சேறு வடிய, மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறினார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கரையில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் மீனைக் கண்டதும், "லூலா! லூலா!" என்று விராலின் சிங்களப் பெயரைச் சொன்னார். பிறகு கையைக் கட்டித் தொட்டில் போல ஆட்டிக்காட்டித் தலையை அசைத்தார். அவர் ஊரிலும் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் போலும். எனக்கு அந்த நேரம் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சரக்குத் தண்ணி

சளி போகச் சாம்பல் போட்டு உரசிக் கழுவ வேண்டும் என்று சரசக்கா காட்டித் தந்தார். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற சரக்குக்கு மிளகு ஒரு கூடாரத்தில், உள்ளி நாலு பல்லு இன்னொரு கூடாரத்தில், மஞ்சள் ஒரு நுள்ளு வேறொன்றில். எல்லாம் பொட்டலத்தில் பொத்தி வைத்திருந்த சாமான். ஒருத்தியும் இல்லையென்று சொல்லவில்லை. மூன்று கல் வைத்து, கூடார வாசலில் காய்ச்சினோம்.

ஜெசிந்தா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

"என்ன பிள்ளை? சேத்து நாத்தமே?"

"இல்லையம்மா. சவுக்காரம் மணக்குது."

நான் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். அவ்வளவு சனமும் குளித்த சவுக்காரம் அந்த மீனில் மணத்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன், சிரிப்பு அழுகையாகிவிட்டது. ஜெசிந்தா என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் கவளம் எடுத்தாள். பிறகு மூன்றாவது. தலையையும் உறிஞ்சினாள். தட்டில் முள்ளு மட்டும்தான் மிஞ்சியது. அத்தனை கிழமைக்குப் பிறகு என் மகள் சாப்பிட்டதை நான் கண்ணால் கண்டேன்.

மறுநாளும் மிச்சச் சரக்குத் தண்ணியைச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டாள். விராலால்தான் வந்ததோ, வயிறு நிறைந்ததால் வந்ததோ, மருத்துவிச்சி மிஸ் சொன்னபடி பிள்ளையை விடாமல் போட்டதால் வந்ததோ, எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலை கூடாரத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. பேத்தியின் தொண்டைக்குள் பால் இறங்கும் சத்தம். ஒரு மிடறு, பிறகு ஒரு மூச்சு, பிறகு இன்னொரு மிடறு. நானும் மரியதாசும் கூடார வாசலின் இரண்டு பக்கத்திலும் அசையாமல் இருந்து கேட்டோம்.

ஜெசிந்தாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது. என் குத்துப்பட்ட விரல் வீங்கி, விண்விண் என்று வலித்துக்கொண்டிருந்தது. அந்த வலிகூட நன்றாகத்தான் இருந்தது.

மரியதாஸ் எழும்பி, கொடியில் காய்ந்த சாரத்தை எடுத்துத் தோளில் போட்டார். கடலை விட்டால் வேறு தண்ணீர் தெரியாத மனுசன். ஐந்து நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத மனுசன். வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இண்டைக்கும் கலக்குவினமோ எண்டு சரசக்காவை ஒருக்காக் கேள்."